பிளாக்ஜாக் அடிப்படை உத்தி: புதிதாக ஆடுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிளாக்ஜாக் என்பது, கேசினோவுக்காகச் சீட்டுப் போட்டு ஆடும் டீலரைவிட, 21-ஐத் தாண்டாமல் அதிகக் கூட்டுத்தொகை எடுக்க முயலும் சீட்டாட்டம். இதில் உங்களுக்கு எந்த இரண்டு சீட்டுகள் வந்தாலும், டீலரின் முன்னால் எந்தச் சீட்டு திறந்திருந்தாலும், அந்த நிலைக்குக் கணக்குப்படி சிறந்த முடிவு ஒன்று உண்டு. அந்த முடிவுகளின் தொகுப்பைத்தான் அடிப்படை உத்தி என்கிறார்கள். ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டே, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் ஆகிய நால்வர் அமெரிக்க ராணுவப் பணியில் இருந்த காலத்தில், மேசைக் கணக்கு இயந்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டு, 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பின்னாளில் கணினிகள் வந்து சரிபார்த்தபோது சிறு திருத்தங்களே தேவைப்பட்டன என்பது இன்றும் வியக்க வைக்கிறது.

இந்த உத்தி லாபத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டே கற்கத் தொடங்குங்கள். நல்ல விதிகள் உள்ள மேசையில் இதைப் பிசகாமல் பின்பற்றினால், பந்தயம் வைக்கும் ஒவ்வொரு 100 சிப்புக்கும் சராசரியாக அரை சிப் அளவுக்கே இழப்பு இருக்கும். 17 வரும்வரை சீட்டு வாங்கி டீலரைப் போலவே ஆடினால், அதே 100 சிப்புக்கு 5 சிப்புக்கு மேல் போய்விடும். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் நீங்கள் கற்கப்போவது.

முதல் படி: மதிப்பும் முறையும்

2 முதல் 10 வரையுள்ள சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. ஜாக், குயின், கிங் மூன்றும் 10. ஏஸ் 1 ஆகவும் 11 ஆகவும் நிற்கும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டும் சேர்ந்தால் அது பிளாக்ஜாக். கூடுதல் சீட்டு வாங்குவது ஹிட், போதும் என்று நிற்பது ஸ்டாண்ட், பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு மட்டும் வாங்குவது டபுள், ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டுகளை இரு கைகளாகப் பிரிப்பது ஸ்பிளிட். கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டினால் பஸ்ட்.

நீங்கள் டீலருக்கு முன்பாக ஆடி முடிக்க வேண்டும். நீங்கள் பஸ்ட் ஆனவுடன் உங்கள் சிப்புகள் எடுக்கப்பட்டுவிடும்; அதன் பிறகு டீலரும் பஸ்ட் ஆனால்கூட அவை திரும்பி வருவதில்லை. கேசினோவின் சாதகம் முழுவதும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

இரண்டாம் படி: உட்காருவதற்கு முன் மேசையைப் படியுங்கள்

மேசைத் துணியில் பிளாக்ஜாக்குக்கான பலன் அச்சிடப்பட்டிருக்கும். 3-க்கு 2 என்றிருந்தால் 10 சிப்புக்கு 15 கிடைக்கும். 6-க்கு 5 என்றிருந்தால் 12 மட்டுமே. பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 கைகளுக்கு ஒரு முறை வருவதால், இந்த மூன்று சிப் வித்தியாசம் கேசினோவின் சாதகத்தில் சுமார் 1.4 சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது. உத்தியை எவ்வளவு கவனமாகக் கற்றிருந்தாலும் 6-க்கு 5 மேசையில் அந்த உழைப்பு வீணாகிவிடும் என்பதால், அங்கே உட்காராதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

கீழே வரும் விதிகள் நான்கு முதல் எட்டுக் கட்டுகள் வரை கலந்து ஆடும், ஏஸ் சேர்ந்த 17-இலும் டீலர் நின்றுவிடும், பிரித்த பிறகும் டபுள் செய்ய இடம் தரும் மேசைக்கானவை.

மூன்றாம் படி: டீலரின் திறந்த சீட்டு

புதிதாக ஆடுபவர்கள் தங்கள் கூட்டுத்தொகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிவைத் தீர்மானிப்பதில் டீலரின் திறந்த சீட்டுக்கும் அதே அளவு பங்கு உண்டு. ஒரு கட்டில் 52-க்கு 16 சீட்டுகள் 10 மதிப்புள்ளவை. வேறெந்த மதிப்புக்கும் இவ்வளவு சீட்டுகள் இல்லை. ஆகவே டீலரிடம் 6 திறந்திருந்தால் அவர் 16-இல் மாட்டிக்கொண்டு இன்னொரு சீட்டு எடுத்தே தீரவேண்டிய நிலை அடிக்கடி வரும். 5 அல்லது 6 திறந்திருக்கும்போது டீலர் பஸ்ட் ஆவது நூற்றுக்குச் சுமார் 42 முறை. 2 அல்லது 3 என்றால் 35 முதல் 37. 7 வந்துவிட்டால் அது 26-க்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேலுள்ள சீட்டுகளுக்கு இன்னும் குறைவு. எனவே 2 முதல் 6 வரை டீலரின் பலவீனம், 7 முதல் ஏஸ் வரை அவருடைய பலம் என்று இரண்டாகப் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஏஸ் 11 ஆக நிற்காத கைகள்

இதை ஹார்டு கை என்பார்கள். ஆட்டத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடப்பதால், மற்றவற்றைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். 8-ம் அதற்குக் கீழும் வந்தால் ஹிட். 17-ம் அதற்கு மேலும் வந்தால் ஸ்டாண்ட். 13 முதல் 16 வரை வந்தால், டீலரிடம் 2 முதல் 6 இருக்கும்போது ஸ்டாண்ட், 7 முதல் ஏஸ் இருக்கும்போது ஹிட். 12 மட்டும் தனிக் கணக்கு: டீலரிடம் 4, 5, 6 இருந்தால் ஸ்டாண்ட், மற்ற எல்லாவற்றுக்கும் ஹிட்.

12-இல் 2-க்கும் 3-க்கும் எதிராக ஏன் வாங்க வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. 12-ஐப் பஸ்ட் ஆக்குவது 10 மதிப்புச் சீட்டு மட்டுமே. 13 மதிப்புகளில் 4, அதாவது சுமார் 31 சதவீதம். வாங்காமல் நின்றாலோ டீலர் பஸ்ட் ஆனால் மட்டுமே வெல்வீர்கள், அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் வாய்ப்பு. இரண்டையும் எடைபோட்டால் வாங்குவதே மயிரிழையில் மேல்.

எல்லோரையும் தடுமாற வைப்பது டீலரின் 10-க்கு எதிரே வரும் 16. வாங்கினால் 13-க்கு 8 மதிப்புகள் உங்களை வெளியேற்றிவிடும்; நின்றால் டீலர் முக்கால்வாசி நேரத்துக்கும் மேலாக வென்றுவிடுவார். எதைச் செய்தாலும் 100 சிப்புக்குச் சராசரியாக 54 போய்விடும், ஹிட் செய்தால் கடுகளவு குறையும், அவ்வளவே. பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் சரண்டர் அந்த மேசையில் இருந்தால் இழப்பு 50-இல் நின்றுவிடும். ஆகவே டீலரின் 9, 10, ஏஸுக்கு எதிரான 16-க்கும், 10-க்கு எதிரான 15-க்கும் சரண்டரைப் பயன்படுத்துங்கள். ஆனால் 8 இரண்டு சேர்ந்து வந்த 16-ஐ மட்டும் சரண்டர் செய்யாமல் பிரித்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: டபுள்

11 வந்தால் டீலரின் 2 முதல் 10 வரை டபுள், ஏஸுக்கு எதிராக ஹிட். 10 வந்தால் 2 முதல் 9 வரை டபுள். 9 வந்தால் 3 முதல் 6 வரை மட்டும். மற்ற நேரங்களில் இவற்றுக்கு ஹிட். டீலர் பலவீனமாக இருக்கும் நேரத்தில் பந்தயத்தைக் கூட்டத் தயங்குபவர்கள், மோசமான கைகளில் இழந்ததை மீட்கும் வாய்ப்பையே விட்டுவிடுகிறார்கள்.

ஆறாம் படி: ஏஸ் 11 ஆக நிற்கும் கைகள்

இது சாஃப்ட் கை. ஒரு சீட்டு வாங்கினால் பஸ்ட் ஆகாது என்பதால் துணிந்து ஆடலாம். ஏஸுடன் 2 அல்லது 3 இருந்தால் டீலரின் 5, 6-க்கு டபுள், 4 அல்லது 5 இருந்தால் 4 முதல் 6 வரை டபுள், 6 இருந்தால் 3 முதல் 6 வரை டபுள், மற்றபடி ஹிட். ஏஸுடன் 8 அல்லது 9 இருந்தால் ஸ்டாண்ட். ஏஸும் 7-ம் சேர்ந்த 18-இல்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். டீலரின் 3 முதல் 6 வரை டபுள், 2, 7, 8-க்கு ஸ்டாண்ட், 9, 10, ஏஸுக்கு ஹிட். 18 பார்வைக்கு நல்ல கையாகத் தெரிந்தாலும், டீலரிடம் 9 திறந்திருந்தால் அவர் 19-க்குப் போகவே வாய்ப்பு அதிகம்.

ஏழாம் படி: ஜோடிகள்

ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் எப்போதும் பிரியுங்கள். 10 ஜோடியையும் 5 ஜோடியையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். 5 இரண்டு என்பது 10, அதை டபுள் கணக்கில் ஆடுங்கள். 2, 3, 7 ஜோடிகளை டீலரின் 2 முதல் 7 வரையும், 6 ஜோடியை 2 முதல் 6 வரையும், 4 ஜோடியை 5, 6-க்கு மட்டும் பிரிக்கலாம். 9 ஜோடியை 2 முதல் 9 வரை பிரிக்க வேண்டும், 7-ஐத் தவிர: டீலர் 17-இல் நிற்கவே வாய்ப்பு அதிகம், உங்கள் 18 அதை வெல்லும்.

எட்டாம் படி: இன்சூரன்ஸ் வேண்டாம்

டீலரிடம் ஏஸ் திறந்ததும் இன்சூரன்ஸ், அதாவது டீலருக்குப் பிளாக்ஜாக் இருக்கும் என்று தனியாக வைக்கும் பந்தயம், வேண்டுமா என்று கேட்பார்கள். கவிழ்த்த சீட்டு 10 மதிப்புள்ளதாக இருந்தால் அந்தப் பந்தயத்துக்கு ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும். நட்டமில்லாமல் இருக்க அது மூன்றுக்கு ஒரு முறை வர வேண்டும்; வருவதோ 13-க்கு 4 முறை. உங்களிடம் பிளாக்ஜாக் இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பயிற்சி

ஒரு கட்டை எடுத்துக்கொண்டு, டீலரின் சீட்டாக 10 ஒன்றை மேசையில் நிலையாக வைத்து, உங்களுக்கு இரண்டிரண்டாகப் போட்டு முடிவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிறகு அந்த இடத்தில் 6, அடுத்து 2 என மாற்றுங்கள். ஒவ்வொரு கையிலும் சரண்டரா, ஸ்பிளிட்டா, டபுளா, அதற்குப் பிறகே ஹிட்டா ஸ்டாண்டா என்ற வரிசையில் யோசிக்க வேண்டும். மேசையில் வாய்ச்சொல் போதாது: ஹிட் என்றால் விரலால் துணியைத் தட்ட வேண்டும், ஸ்டாண்ட் என்றால் உள்ளங்கையைக் கிடைமட்டமாக அசைக்க வேண்டும், மேலேயுள்ள கேமரா பார்ப்பது அந்தச் சைகையைத்தான். ஆட்டத்தைத் தாமதப்படுத்தாதவரை உத்தி அட்டவணையைக் கையில் வைத்துப் பார்த்து ஆட பெரும்பாலான கேசினோக்கள் அனுமதிப்பதால், முழுவதும் மனப்பாடம் ஆகும்வரை அதைத் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள்.