ஆண் குழந்தைப் பெயர் ஒன்றின் பரவலை ஆண்டுவாரியாகவும் பகுதிவாரியாகவும் கணிப்பது எப்படி?

ஒரு பெயர் எப்போது பரவியது, எப்போது மங்கியது, எந்தப் பகுதியில் ஊன்றி நின்றது என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் தேடுவது தரவரிசையைத்தான். அதில் தொடங்கலாம், அதிலேயே நின்றுவிடக் கூடாது. பிறந்த குழந்தைகளின் பெயர்களை எண்ணி வெளியிடும் நாடுகளுள் அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான கோப்புகளைத் தருகிறது. பிரான்சின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே 1900 முதல் தருகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கான முழுமையான ஆண்டுப் பட்டியல் 1996இல் தொடங்குகிறது. நெடுங்காலத்தையும் மாநிலங்களையும் ஒருசேரப் பார்க்க முடிவதால், இங்கே அமெரிக்கக் கோப்புகளையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கோப்பு உண்டு. அதில் வரிக்கு ஒரு பெயர், பாலினம், எண்ணிக்கை என்ற மூன்று செய்திகள் மட்டுமே இருக்கும். அதை எக்செல் போன்ற ஒன்றில் திறந்து, ஆண் குழந்தைகளுக்குரிய வரிகளை மட்டும் வடிகட்டிக்கொள்ள வேண்டும். வடிகட்டாமல் கூட்டினால், லெஸ்லி போன்று ஒரு காலத்தில் ஆண்களுக்கும் பிற்காலத்தில் பெரும்பாலும் பெண்களுக்கும் இடப்பட்ட பெயர்களின் கதையே மாறிவிடும். அடுத்து, அந்த ஆண்டில் பிறந்த ஆண் குழந்தைகளின் மொத்த எண்ணிக்கையை, அந்த நிர்வாகமே தனியாக வெளியிடும் அட்டவணையிலிருந்து எடுத்து, பெயரின் எண்ணிக்கையை அதனால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். கிடைப்பது ‘ஆயிரம் ஆண் குழந்தைகளில் எத்தனை பேர்’ என்ற விகிதம். ஆண்டுகளை ஒப்பிட நம்பத்தக்கது இதுவே.

ஏன் இத்தனை வற்புறுத்தல் என்பதற்கு ஜேம்ஸ் என்ற பெயரே போதும். 1880ஆம் ஆண்டுக் கோப்பில் அப்பெயர் 5,927 பேருடன் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. 1947இல் ஏறத்தாழ 94,700 பேருடன் முதலிடத்தில் இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் 16 மடங்கு வளர்ச்சி, தரவரிசையைப் பார்த்தால் இரண்டு படி ஏற்றம். விகிதத்தைப் பார்த்தாலோ, இரண்டு ஆண்டுகளிலும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 50தான். பெயரின் மீதான விருப்பம் அப்படியே இருக்க, கோப்பில் பதிவானவர்களின் தொகை பெருகியிருக்கிறது, அவ்வளவே. முதலிடமும் இப்படித்தான் ஏமாற்றும். 1880இல் முதலிடம் பெற்ற ஜான் ஆயிரத்துக்கு 80க்கும் மேல். 2023இல் முதலிடம் பெற்ற லியாம் ஆயிரத்துக்குப் பத்தைச் சற்றே தாண்டியது. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பெயர்களின் வகை பெருகியதால், இன்றைய முதலிடத்துக்கு அன்றைய கனம் இல்லை.

பழைய ஆண்டுகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கோப்பு பிறப்புப் பதிவேடு அன்று. ஓய்வூதியம் போன்ற அரசுப் பலன்களுக்கான சமூகப் பாதுகாப்பு அட்டைக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல். அட்டை வழங்கத் தொடங்கியதோ 1936இல். ஆகவே 1880இல் பிறந்தவர்களில், அட்டை வரும்வரை வாழ்ந்திருந்து விண்ணப்பித்தவர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள். அந்தக் காலத்து எண்ணிக்கையை அப்படியே பிறப்பு எண்ணிக்கையாகக் கொள்ளாமல், விகிதத்தையும் சற்று நிதானத்துடன் வாசிப்பது நல்லது.

எழுத்துக்கூட்டலில் முடிவெடுப்பது ஆய்வாளரின் பொறுப்பு. எய்டன் என்று ஒலிக்கும் பெயருக்கு ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனிப் பெயராகவே எண்ணப்படும். இங்கிலாந்து, வேல்ஸில் 2023ஆம் ஆண்டு முதலிடம் பெற்ற முகம்மது என்ற பெயரின் வேறு இரண்டு எழுத்துக்கூட்டல்களும் அதே ஆண்டின் முதல் நூறு பெயர்களுள் தனித்தனியே இடம்பெற்றிருந்தன. ஆண்டுவாரி விகிதத்தை வரைபடமாக்கும்போது, ஒவ்வோர் எழுத்துக்கூட்டலுக்கும் தனித்தனிக் கோடு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடு என இரு வகையிலும் வரைந்து, எதை எதனுடன் சேர்த்தோம் என்று குறித்துவைப்பதே நேர்மையான வழி.

பகுதிவாரிக் கணக்கில் பொறுமை கூடுதலாகத் தேவைப்படும். அமெரிக்க மாநிலக் கோப்புகள் 1910 முதல் உள்ளன. ஒரு மாநிலத்தில் ஓர் ஆண்டில் ஐந்துக்கும் குறைவானோருக்கு இடப்பட்ட பெயர் அந்தரங்கம் கருதி விடப்படும். எனவே வயோமிங் போன்ற சிறிய மாநிலத்தில் ஒரு பெயர் காணப்படவில்லை என்றால், அது பூஜ்யம் என்று பொருளல்ல. ஐந்தாண்டு எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏற்ற இறக்கத்தின் துள்ளல் அடங்கும். பெரிய மாநிலத்திலோ எல்லாப் பெயருமே மிகுதியாகத்தான் இருக்கும். ஆகையால் மாநில விகிதத்தை நாட்டு விகிதத்தால் வகுக்க வேண்டும்: விடை 1 என்றால் நாட்டின் அளவே, 2 என்றால் இரு மடங்கு. இந்த வகுத்தலுக்கு மட்டும், இரண்டு விகிதங்களையும் மாநிலக் கோப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்தே கணக்கிட வேண்டும். ஒன்றுக்கு ஒரு மொத்தமும் மற்றதற்கு வேறொரு மொத்தமும் எடுத்தால் ஒப்பீடு பிழையாகும். வில்லியம் என்ற பெயர் 1880 முதல் ஒருமுறைகூட நாட்டளவில் முதலிடம் பெறவில்லை. ஆனால் 2010களில் அலபாமாவில் முதலிடத்தில் இருந்தது. நாட்டளவிலான கணக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. மாநிலத்துக்கு ஒரு முதலிடப் பெயரை எழுதி வண்ணம் தீட்டிய வரைபடங்களும் முழுக் கதையைச் சொல்வதில்லை. இரண்டாம் இடத்துக்கும் முதலிடத்துக்கும் சில குழந்தைகளே வித்தியாசம் என்பதை அவை மறைத்துவிடும்.

காரணம் தேடுவது கடைசி வேலை. அங்கே ஆண்டுகளின் வரிசையைக் கறாராகப் பார்க்க வேண்டும். பிரான்சில் பெயரிடும் உரிமையைப் பெற்றோருக்குப் பெருமளவு விட்டுக்கொடுத்த சட்டம் 1993 ஜனவரியில் வந்தது. கெவின் போன்ற அயல்நாட்டுப் பெயர்கள் அதனால்தான் பரவின என்று சொல்ல யாருக்கும் தோன்றும். ஆனால் கெவின் அங்கே 1991இலேயே முதலிடத்தில் இருந்தது.