ஷீட் ரோலரைப் பார்த்துப் பிடிபட்ட கோளாறு

டெக்சாஸில் 9 எம்எம் துப்பாக்கித் தோட்டாக்களை, காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து, நானே நிரப்பிக்கொள்வேன். (நம்ம நாட்டில் உரிமம் இல்லாமல் இதைச் செய்வது குற்றம், யாரும் இறங்கிவிடாதீர்கள்.) கொஞ்சம் சுட்டால் போதும் என்பவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் ஒற்றை நிலை பிரஸ்ஸே (தோட்டா நிரப்பும் கருவி) தாராளம், நான் வாங்கியது நான்கு நிலை உள்ளது, கூடுகளைப் பிடித்திருக்கும் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். முதல் நாளே பிரைமர் (அடியில் பதிக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) சில கேஸ்களில், அதாவது கூடுகளில், முழுசாக இறங்காமல் துருத்திக்கொண்டு நின்றது, தட்டைத் திருப்பும்போது பவுடரும் (மருந்து) சிந்தியது.

லீவில் குலசேகரம் வந்தபோது, ரப்பர் ஷீட் ஒரு பக்கம் தடிக்கிறதே என்று அப்பா அதை அழுத்தும் ரோலரின் திருகைக் கால் சுற்று இறுக்குவதைப் பார்த்தேன். சட்டென்று என் தட்டின் ஆட்டம் ஞாபகம் வந்தது.

திரும்பிப் போய் நடு போல்ட்டைத் தட்டு பிடிக்கும்வரை முறுக்கி, துளி தளர்த்தி, பூட்டுத் திருகைப் போட்டேன். சரியாகிவிட்டது. இப்போதும் குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கேஸையும் விளக்கடியில் எட்டிப் பார்க்கிறேன், கையால் திருப்பும் தட்டில் ஒரே கேஸில் இருமுறை பவுடர் விழுந்துவிடலாம் இல்லையா.