ஸ்டாம்ப் கணக்கு வரிசைகள்ல எல்லாரும் தடுக்கி விழுற இடங்கள்

ஒரு கவர்ல 3 ஸ்டாம்ப் ஒட்டத்தான் இடம் இருக்கு, மொத்தம் 3 விலையிலதான் ஸ்டாம்ப் அடிக்கப் போறாங்க, அந்த விலைய நீங்களே முடிவு பண்ணலாம்னு வச்சிக்கோங்க. 1 ரூபாயிலேர்ந்து நடுவுல ஒண்ணு கூட விடாம எவ்ளோ தூரம் போகலாம்? விடை 15, விலைகள் 1, 4, 5. ஸ்டாம்ப் எண்ணிக்கையையும் விலை எண்ணிக்கையையும் மாத்தி மாத்தி இதே கேள்வியக் கேட்டா ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் வரிசை கிடைக்கும். 1937ல ரோர்பாக்னு ஒரு கணித ஆய்வாளர் இதுல 2 ஸ்டாம்ப் கேஸ எடுத்து ஆராய்ச்சி பண்ணார், இன்னிக்கும் பெரிய எண்களுக்கு கம்ப்யூட்டர விட்டுத்தான் தேடுறோம்.

முதல் குழப்பம் கேள்விலயே ஆரம்பிக்குது. நிறைய பேர் இத ஃப்ரொபீனியஸோட காசுக் கணக்குன்னு நினச்சிடறாங்க. அங்க காசு எத்தன வேணா போடலாம், 3ம் 5ம் இருந்தா கடைசியா வராத தொகை 7, அதுக்கு மேல எல்லாமே வரும். இங்க கவர்ல இடம் அளவோடதான் இருக்கு, அதனால முதல்ல எங்க ஓட்டை விழுதுங்கிறதுதான் கேள்வி. 2 ஸ்டாம்ப்தான் ஒட்டலாம், விலை 1ம் 3ம்னா 6 வரும், ஆனா 5 வராது, அதனால விடை 4, 6 இல்ல. இன்னொண்ணு, சிலர் கடைசியா வந்த தொகைய எழுதுவாங்க, சிலர் முதல்ல வராத தொகைய எழுதுவாங்க, ஒரே விஷயம் ஒரு இடத்துல 15, இன்னொரு இடத்துல 16னு நிக்கும், ஒப்பிடறதுக்கு முன்னாடி அதப் பாத்துடுங்க. "அதிகபட்சம் 3 ஸ்டாம்ப்"ங்கிறத "சரியா 3 ஸ்டாம்ப்"னு படிச்சாலும் போச்சு, 1 ரூபாயே வராது.

2 ஸ்டாம்ப் 3 விலைன்னா 8, 3 ஸ்டாம்ப் 2 விலைன்னா 7. வித்தியாசம் ஒண்ணுதாங்கிறதால எத எதோட மாத்திப் போட்டோம்னு கண்ணுக்கே தெரியாது.

இப்ப பெரிய தப்புக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான். 2 விலைக்கு சிறந்தத கண்டுபிடிச்சிட்டு, அத அப்படியே வச்சிக்கிட்டு மூணாவத சேத்துடலாம்னு தோணும். 3 ஸ்டாம்ப்புக்கு 1, 3 சிறந்த ஜோடி, 7 வரைக்கும் போகும். அதோட மூணாவதா எந்த விலையப் போட்டாலும், 4 போட்டாலும் 8 போட்டாலும், 12 தாண்டாது, ஒவ்வொண்ணா எழுதிப் பாத்துட்டேன். 1, 4 ஜோடி தனியா 6 வரைக்கும்தான் போகும், ஏன்னா 7க்கு 4 ஸ்டாம்ப் வேணும். ஆனா அதோட 5 சேந்தா 7 = 5+1+1, 8 = 4+4, 13 = 4+4+5னு எல்லா ஓட்டையும் அடைஞ்சி 15 வரைக்கும் போகுது! தனியா தோத்த ஜோடிதான் கூட்டா ஜெயிக்குது. அதே 1, 4ஓட 7ன்னு பெருசா ஒண்ணப் போட்டா 9லயே நின்னுடும்.

1, 4, 5ல வந்த 8ஐ இன்னொரு தடவ பாருங்க. கடைல சில்லறை குடுக்குற மாதிரி பெரிய விலைய முதல்ல எடுத்தா 5+1+1+1, 4 ஸ்டாம்ப் ஆகிடும், இடம் இல்ல. 4+4ன்னா 2 போதும். கோட்ல இந்த வழிய எழுதி, 8 வராதுன்னு முடிவு கட்டினவங்க நிறைய. ஒவ்வொரு தொகைக்கும் குறைஞ்சபட்சம் எத்தன ஸ்டாம்ப்னு கீழேர்ந்து ஒரு டேபிள் போட்டுக்கிட்டே வாங்க, ஒரே விலைய திரும்பத் திரும்ப எடுக்க விடுங்க, முதல் ஓட்டைல நிறுத்துங்க. அடுத்த விலைய தேடும்போது இப்ப போன தூரத்த விட 1 அதிகம் வரைக்கும் பாத்தா போதும், அதுக்கு மேல போனா அந்த ஓட்டைய யாராலயும் அடைக்க முடியாது.

வரிசையப் பாத்து அடுத்தத ஊகிக்கிறதும் வேண்டாம். 2 ஸ்டாம்ப்புக்கு விலை எண்ணிக்கைய 1, 2, 3ன்னு ஏத்திட்டே போனா விடை 2, 4, 8ன்னு போகுதே, அடுத்து 16ன்னு நினைப்பீங்க, வர்றது 12. அப்புறம் 16, 20, சரி நாலு நாலா ஏறுதுன்னா அடுத்தது 26. பின்ன 32, 40, 46, 54, 64. ஏறுற அளவு கூட 8லேர்ந்து 6க்கு இறங்கிட்டு திரும்ப ஏறுது. 2 விலைக்கு மட்டும் அழகான ஃபார்முலா இருக்கு, ஸ்டாம்ப் எண்ணிக்கையோட வர்க்கம், அந்த எண்ணிக்கையோட 6 மடங்கு, இன்னொரு 1 மூணையும் கூட்டி 4ஆல வகுத்து மீதிய விட்டுடணும். அதப் பாத்துட்டு 3 விலைக்கும் இப்படி எளிமையா ஒண்ணு இருக்கும்னு தேடி நாள் கணக்கா உக்காராதீங்க, 3, 8, 15, 26, 35, 52னு போற வரிசை அவ்ளோ சாதுவா இல்ல. விலையெல்லாம் கைல குடுத்துட்டா சுலபம்னு சொல்றதும் தப்பு, அதுவே என்பி-ஹார்ட்னு, அதாவது எப்பவும் வேகமா தீர்க்குற வழி இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத வகைக் கணக்குன்னு, ஷாலிட்ங்கிற ஆய்வாளர் 2002ல காட்டிட்டார்.

கோட் எழுதினா 3 ஸ்டாம்ப் 3 விலைய முதல்ல ஓட்டுங்க. 12ன்னு வந்தா 1, 3ஐ இறுக்கிப் பிடிச்சிட்டீங்க. 19க்கு மேல வந்தா எண்றதுலயே தப்பு, ஏன்னா 3 விலைலேர்ந்து அதிகபட்சம் 3 ஸ்டாம்ப் எடுக்குறதுக்கு மொத்தமே 19 வழிதான் இருக்கு.