கடல்நீர்த் தொட்டியில் பாசியா? முதலில் வாளியைப் பாருங்கள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு வீட்டுக்குள் கடல்மீன் வளர்க்கிறேன் என்றால் சனம் சிரிக்கத்தான் செய்யும். இரணைமடுவில் இல்லாத மீனா என்று மாமாவே கேட்டார். என்னுடையது 150 லீற்றர்த் தொட்டி, இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்முருகை (மெதுவான உடல்கொண்ட பவள உயிர்). முதல் ஆறு மாதமும் உள்ளே மீன் இருப்பதே தெரியாத அளவுக்குப் பச்சைப் பாசி. சுரண்டினேன், துடைத்தேன், பாசி மருந்தும் வாங்கி ஊற்றினேன், இரண்டு கிழமையில் திரும்ப வந்து நின்றது. பிறகுதான் விளங்கியது, பாசிக்குச் சாப்பாட்டை நானேதான் நாள் தவறாமல் வாளியில் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று.

முதல் வேலை: தண்ணீர்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் என் தொட்டியில் நாளுக்கு மூன்று லீற்றர் ஆவியாகிப் போகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும், அதனால் குறைந்த அளவுக்கு நன்னீர்தான் விடவேண்டும். நான் விட்டது கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்கு இரண்டு பக்கமும் வயல், யூரியா போடும் நிலம். ரெஸ்ட் கிற்றில் பார்த்தால் பாசிக்கு உரமாகும் நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராம். குடிக்க அது பிரச்சினை இல்லாத அளவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று லீற்றரில் 60 மில்லிகிராம், அது 150 லீற்றருக்குள் பரவினால் நாளுக்கு 0.4, மாதத்துக்கு 12. முருகைத் தொட்டியில் மொத்தமாகவே 2 முதல் 10 வரை இருந்தால் போதும்! இதோடு கிணற்று நீரிலுள்ள சிலிக்கா வேறு, அது மண்ணிறப் பாசிக்கு விருந்து.

ஆகவே ஆர்.ஓ. தண்ணீர்தான், அதாவது நுண்சவ்வில் வடித்து, கரைந்திருப்பவற்றை நீக்கிய தண்ணீர். எங்கள் பக்கம் கடைகளில் விற்கும் ஆர்.ஓ. குடிநீரை அப்படியே நம்பிவிடாதீர்கள், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ரி.டி.எஸ். மீற்றர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். காட்ட வேண்டியது 0. இருபது, முப்பது என்று காட்டினால் அதை இன்னொரு தடவை மிச்சத்தையும் பிடித்து எடுக்கும் டி.ஐ. ரெசின் குழாய் வழியாக விட்டு எடுங்கள்.

உப்பு விசயத்தில் என்னிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பக்கத்திலேயே ஆனையிறவு இருக்க ஏன் காசு கொடுத்துக் கடல் உப்புக் கலவை வாங்குகிறாய்? உப்பளத்தில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் கல்சியம் ஜிப்சமாக அடியில் படியும், அதற்குப் பிறகுதான் கறியுப்பு விளையும், மக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். முருகைக்குத் தேவையானவற்றில் பெரும்பங்கு போனபின் மிஞ்சுவதைத்தான் நாங்கள் சோற்றுக்குப் போடுகிறோம். முல்லைத்தீவுக் கடல்நீரை கான்களில் அள்ளிவருவது ஓரளவு சரி, ஆனால் மாரிமழைக் காலத்தில் வேண்டாம், ஆற்று வெள்ளம் கலந்து உப்பு இறங்கியிருக்கும். நந்திக்கடல் தண்ணீர் எந்தக் காலத்திலும் வேண்டாம், அது களப்பு. எதுவானாலும் உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீற்றரில் ஆயிரத்துக்கு 35 காட்டவேண்டும்.

இன்னொன்று, கடலுக்குப் போன கையோடு முருகைக்கல்லை உடைத்துக்கொண்டு வராதீர்கள். சட்டப்படி குற்றம், அதைவிட அங்கேயே அது குறைந்துகொண்டு வருகிறது.

இரண்டாவது: எந்தப் பாசி என்று பாருங்கள்

புதுத் தொட்டியில் மணலுக்கு மேல் மண்ணிறத் தூள் படிந்தால் பயப்பட வேண்டாம், சிலிக்கா தீர அதுவும் போய்விடும். கல்லில் ஊதா நிறத்தில் தோல்போல ஒட்டுவது நல்ல பாசி, சுரண்டவே கூடாது. சிவப்புச் சளிபோலப் போர்வை விரிப்பது உண்மையில் பாசியே இல்லை, ஒருவகை பக்ரீரியா, பெரும்பாலும் நீரோட்டம் செத்துப்போன மூலைகளில்தான் வரும். தலைமயிர்போல நீளும் பச்சைதான் நைத்திரேற்று, பொஸ்பேற்றுக் கணக்குப் பிழைத்ததற்கு அடையாளம்.

பச்சையை விரலால் பிடுங்குங்கள், பிடுங்கும்போதே பக்கத்தில் ரியூப் ஒன்றை வைத்து உறிஞ்சி வெளியே எடுங்கள், மிதக்கவிட்டால் போன இடத்தில் முளைக்கும். கிழமைக்கு ஒருமுறை பத்து வீதம் தண்ணீர் மாற்றும் நேரத்தில் இதைச் செய்தால் ஒரே வேலையாகப் போய்விடும். கல்லை வெளியே எடுத்து வெந்நீரில் அவிக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: சோவாந்திட் வகை முருகை அதில் ஒட்டியிருந்தால் ஆவியோடு வரும் நஞ்சு வீட்டு ஆட்களையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

லைற் எட்டு மணிநேரம் போதும், ரைமரில் போடுங்கள். ஜன்னல் வெயில் தொட்டியில் விழக்கூடாது. உறைந்த இரையை இளகவிட்டு, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, இரையை மட்டும் போடுங்கள், அந்தத் தண்ணீரிலும் பொஸ்பேற்று கிடக்கிறது. தொட்டியில் பொஸ்பேற்று லீற்றருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதற்காகச் சுழியத்துக்கு இறக்கவும் கூடாது, அப்போது டைனோ என்கிற மண்ணிறக் கொப்புளச் சளி வரும், அதோடு ஒப்பிட்டால் பச்சைப் பாசி தங்கம்.

மூன்றாவது: சாமான்கள்

பம்ப் ஓடுகிறது என்றால் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தமில்லை. எங்கள் சூட்டில் உள்ளே சுண்ணாம்பு படியும், விசை குறையும், நீரோட்டம் சாகும், அந்த மூலையில் சிவப்புச் சளி வரும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்ப், வேவ் மேக்கர் (தண்ணீரை அலைபோலத் தள்ளும் விசிறி) எல்லாவற்றையும் கழற்றி, பாதி வினாகிரி பாதி தண்ணீரில் ஒரு மணிநேரம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே சுழலும் காந்தத் துண்டு வீங்கியோ வெடித்தோ துருப்பிடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஸ்கிம்மர் என்பது அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி. அதன் கிண்ணத்தின் கழுத்தில் எண்ணெய்ப் பசை ஏறினால் நுரை மேலே வராது, மூன்று நாளைக்கு ஒருமுறை துடைத்தால் போதும். வடிதுணியையும் அதே நாளில் மாற்றுங்கள், அதில் அழுகுவதெல்லாம் திரும்ப நைத்திரேற்றாகத்தான் வரும்.

கையை உள்ளே விடும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கை விடக் கீழே ஒரு வளைவு தொங்கவேண்டும், சொட்டும் உப்புநீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவிலிருந்து கீழே விழட்டும். ட்ரிப் சுவிச் இல்லாத லைனில் இந்தத் தொட்டியை வைக்கவே வேண்டாம்.

வைகாசிச் சூட்டில் என் தண்ணீர் 32 பாகைக்குப் போனது. நீர்மட்டத்துக்கு நேரே இரண்டு சின்ன ஃபான் வைத்தேன், மூன்று பாகை இறங்கியது, ஆவியாதல் கூடியது, வாளி வேலையும் கூடியது. முருகைக்கு 25 முதல் 27 வரைதான் நல்லது, அதற்குச் சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம்) வேண்டும், நான் இன்னும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஹீற்றரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

கரண்ட் போனால் மீன் சாவது பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாமல்தான், அதிலும் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். 2022 இல் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது என்னிடம் தொட்டி இல்லை, தப்பினேன். கீழே சம்ப் (வடிகட்டும் சாமான்கள் இருக்கும் இரண்டாவது தொட்டி) வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பிளக்கைக் கழற்றி ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், மேலிருந்து இறங்கும் தண்ணீரைச் சம்ப் தாங்குகிறதா என்று. என்னுடையது தாங்கவில்லை, இரவு இரண்டு மணிக்கு அம்மாவின் பாயைத் தூக்கிக் காயப்போட வேண்டி வந்தது. பிறகு, தண்ணீர் திரும்பி வரும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டேன். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று ஏறி ஓட்டம் நின்றுவிடும். அந்தத் துளையையும் பாசி அடைக்கும், கிழமைக்கு ஒருதரம் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.