மின்காரில் கடலோர நெடும்பயணம்: திட்டமிடும் முறை

கடலிலிருந்து விலகிய உள்நிலப் பகுதியில் மின்காரில் செல்பவருக்கு நான்கு திசையிலும் சார்ஜிங் நிலையங்கள் இருக்கக்கூடும். ஒன்று பழுதாகிக் கிடந்தால் வேறொரு பக்கம் திரும்பிக்கொள்ளலாம். கடலோரச் சாலையில் அந்தத் திசைகளில் பாதியைக் கடல் எடுத்துக்கொள்கிறது. வேகச் சார்ஜர்கள் பெரும்பாலும் போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலைகளை ஒட்டியே அமைக்கப்படுகின்றன. காட்சியழகு மிக்க கரையோரச் சாலையோ அவற்றிலிருந்து விலகி, பாறை முனைகளையும் விரிகுடாக்களையும் சுற்றிச் செல்கிறது. ஆகவே இத்தகைய பயணத்தைத் திட்டமிடுகையில் முதலில் குறிக்கவேண்டியவை பார்க்க விரும்பும் இடங்கள் அல்ல, கரையோரச் சாலையிலிருந்து உள்நில நெடுஞ்சாலைக்குப் போகும் குறுக்குச் சாலைகளே. எந்த இடத்தில் நின்றாலும் அடுத்த சார்ஜருக்கோ, அது இயங்காவிட்டால் குறுக்குச் சாலை வழியே நெடுஞ்சாலைச் சார்ஜருக்கோ போய்ச் சேரும் அளவு மின்சாரம் பேட்டரியில் இருக்கவேண்டும். மற்ற திட்டங்கள் எல்லாம் இதற்குப் பின்னர்தான்.

சாலை அடைபடுவதையும் கணக்கில் கொள்ளவேண்டும். கடலோரப் பாறைச் சரிவுகளில் வெட்டப்பட்ட சாலைகளில் மண்சரிவு அரிதல்ல. கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலை 1, பிக் சர் பகுதியில் 2017 மே மாதம் நேர்ந்த பெரும் சரிவினால் அறுபட்டு, 2018 ஜூலையில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அப்படி ஒரு தடுப்பைக் கண்டு திரும்ப நேர்ந்தால், வந்த தூரம் முழுவதையும் திரும்பிச் சென்று மலையைச் சுற்றவேண்டிவரும். பெட்ரோல் காரில் அது நேர விரயம் மட்டுமே. மின்காரில் அது கையிருப்பு மின்சாரத்தைப் பற்றிய கேள்வியும் ஆகிறது. புறப்படும் நாளன்று காலையில் சாலைத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பதை ஒரு கடமையாகவே கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் காரின் உண்மையான ரேஞ்ச், அதாவது ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம், எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடுங்கள். நிறுவனம் அறிவிக்கும் தூரம் ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்தது. உங்கள் காரின் திரையில் தெரியும் சராசரிச் செலவே உங்களுக்குரிய அளவுகோல். பேட்டரியில் பயன்படுத்தத்தக்க கொள்ளளவு 60 யூனிட் (கிலோவாட் மணி) என்றும், 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் செலவாகிறது என்றும் கொள்வோம். வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், 10 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது உசிதமல்ல என்பதால், நடைமுறையில் கைக்கு வருவது இடைப்பட்ட 42 யூனிட். அது ஏறக்குறைய 260 கிலோமீட்டருக்குப் போதும். பல இடங்களில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு செல்பவருக்கு ஒரு நாளைக்கு அதற்குமேல் தேவைப்படாது. என் கருத்தில் 200 கிலோமீட்டரே நிறைவான நாள்.

கடலோரத்தில் இந்தக் கணக்கைப் பெரிதும் குலைக்கக்கூடியது காற்று. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் மீது 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால், காரைப் பொறுத்தவரை அது 100 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. உருளல் தடை முதலியவை மாறாததால் மொத்தச் செலவு அதே விகிதத்தில் உயராது என்றாலும், திரையில் தெரியும் மீதித் தூரம் கண்ணெதிரே சுருங்குவதைப் பார்க்கலாம். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், நண்பகலுக்குப் பின் கடற்காற்று கரையை நோக்கி வலுக்கிறது. கரைக்கு இணையான சாலையில் அது பெரும்பாலும் பக்கவாட்டில் தாக்கும். சாலை ஒரு முனையைச் சுற்றித் திரும்புகையில் சற்றுநேரம் எதிர்காற்றாகவும் மாறும். பருவத்துக்குப் பருவம் கரையோரமாக நிலையாக வீசும் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வானிலைத் தகவலில் பார்த்து, நீண்ட பகுதியைக் காற்றின் போக்கிலேயே அமைத்துக்கொள்ள முடிந்தால் நன்று. அது இயலாவிட்டால் நீண்ட ஓட்டத்தைக் காலை வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூரைமேல் பெட்டி கட்டுவதைத் தவிர்ப்பது மிக நல்லது.

ஏற்றத்தைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். அந்த அளவுக்கு அஞ்சத் தேவையில்லை. 2 டன் எடையுள்ள காரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் அரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம். இறங்கும்போது ரீஜென் பிரேக்கிங், அதாவது வேகத்தைக் குறைக்கையில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ஏற்பாடு, அதில் ஒரு நல்ல பங்கைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் பேட்டரி முழுவதும் நிரம்பியிருந்தால் திரும்பும் மின்சாரத்துக்கு அங்கே இடமில்லை, காரின் ரீஜென் பலவீனமாகிவிடும். எனவே மேட்டின்மேல் இரவு தங்கி, காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவேண்டியிருந்தால் 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரவுத் தங்கலே இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சார்ஜிங் நேரம். 7 கிலோவாட் ஏசி (மாறுமின்) சார்ஜர் 9 மணி நேரத்தில் 60 யூனிட்டுக்கு மேல் தரும். உறங்கி எழும்போது கார் ஏறக்குறைய நிரம்பியிருக்கும், பகலில் சார்ஜரைத் தேடும் கவலையே குறைந்துவிடும். விடுதியைப் பதிவு செய்யும்போது 'சார்ஜர் இருக்கிறதா' என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். எத்தனை கிலோவாட், எத்தனை கார்களுக்கு, பிளக் எந்த வகை, கேபிள் சுவரோடு சேர்ந்ததா அல்லது நம்முடையதைக் கொண்டுவர வேண்டுமா, அந்த இடத்தில் வேறு கார்கள் நிறுத்தப்படுகின்றனவா என்று தொலைபேசியில் விரிவாகக் கேளுங்கள். சாதாரண சுவர் சாக்கெட் மட்டுமே உண்டு என்றால், அதிலிருந்து ஓர் இரவில் கிடைப்பது பேட்டரியின் ஒரு பகுதியே. அங்கே இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டத்தை மாற்றலாம்.

பகலில் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு வேகச் சார்ஜரையும் பிளக்‌ஷேர் போன்ற, சார்ஜிங் நிலையங்களைக் காட்டும் செயலியில் திறந்து, அண்மையில் அங்கே சார்ஜ் செய்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். ஒரே ஒரு சார்ஜிங் முனை மட்டும் உள்ள நிலையத்தை நம்பி ஒரு நாளை அமைக்காதீர்கள். இன்னொரு சிக்கல் கரையோரத்துக்கே உரியது: பாறைச் சரிவுகளுக்குக் கீழே பல இடங்களில் கைபேசிச் சிக்னல் கிடைப்பதில்லை, செயலியில்தான் தொடங்கவேண்டும் என்றிருக்கும் சார்ஜரை அங்கே இயக்க முடியாமல் போகலாம். அந்த நிறுவனத்தின் ஆர்எஃப்ஐடி அட்டையை, அதாவது சார்ஜரில் தொட்டாலே அதைத் தொடங்கிவைக்கும் அட்டையை, முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பவருக்கு இந்த இடர் குறைவு. கார் வழிகாட்டியில் அந்தச் சார்ஜரையே சேரிடமாகக் கொடுத்தால், பல மாடல்கள் வழியிலேயே பேட்டரியை உரிய வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடும். இறங்கிய நிமிடமே சார்ஜ் விரைவாக ஏறும்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பதும் திட்டத்தின் பகுதியே. இடப்புறம் ஓட்டும் நாடுகளில் கடல் இடப்பக்கமாகவும், வலப்புறம் ஓட்டும் நாடுகளில் வலப்பக்கமாகவும் இருக்கும்படி சென்றால், காட்சி மேடைகளில் எதிர்வரும் வாகனங்களைக் கடக்காமல் ஒதுங்கி நிறுத்தலாம். ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோட்டை டார்க்கீ (Torquay) நகரிலிருந்து மேற்கு நோக்கி ஓட்டுபவருக்குக் கடல் தம் பக்கத்திலேயே இருக்கும்.

கடைசியாக, உப்புநீர். கடலலை அடிக்கும் சாலையில் சென்ற நாளின் மாலையில் காரின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுங்கள். சார்ஜிங் முனையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். கேபிளின் தலையை ஈர மணலில் போடாதீர்கள். ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறும் நேரத்தில் நீரில் மூழ்கும் தாழ்சாலைகளை ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே கடக்கவேண்டும். மணற்கரையில் காரை இறக்கவே வேண்டாம்: மின்கார் எடை மிகுந்தது, புதைந்தால் மீட்பது கடினம், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி அதைக் கட்டி இழுக்கப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதும் இல்லை. பேட்டரி உப்புநீரில் மூழ்கிவிட்டால், கார் உலர்ந்து நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும், பல நாள் கழித்துக்கூட அது தீப்பற்றக்கூடும். அதைச் சார்ஜரில் மாட்டாமல், கட்டடங்களிலிருந்தும் பிற வாகனங்களிலிருந்தும் தள்ளி நிறுத்திவிட்டு, தயாரிப்பாளரின் உதவி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.