சுவிட்சுக்கு மட்டும் கேட்வே எட்டவில்லையா?

சுவிட்சில் நாம் போடும் டிஃபால்ட் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசலான ரவுட்டரின் முகவரி) அந்தச் சுவிட்சின் சொந்த உபயோகத்துக்குத்தான். அதில் செருகியிருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்கு டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை) கொடுத்த கேட்வே வழியாகப் போய்விடும். அதனால்தான் சுவிட்சின் கேட்வே தவறினால், ஆபீஸ் முழுக்க இன்டர்நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சுக்குள் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து உள்ளே நுழையும் வழி) ஏறாது, சிஸ்லாக் (சுவிட்ச் அனுப்பும் பதிவுகள்) வராது, என்டிபி (நேரத்தைச் சரிசெய்யும் சேவை) ஒத்துப்போகாது. அதே சப்நெட்டிலிருந்து (ஒரே முகவரித் தொகுதியிலிருந்து) சுவிட்சுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போய், வேறு சப்நெட்டிலிருந்து போகவில்லையென்றால் முதல் சந்தேகம் கேட்வே மேல்.

கட்டளைகள் சிஸ்கோ கேட்டலிஸ்டுக்கானவை. சுவிட்சை நிர்வகிக்க ஒதுக்கிய மேனேஜ்மென்ட் வீலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) 10, சுவிட்ச் 192.168.10.20, சப்நெட்டின் எல்லையைச் சொல்லும் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.10.1 என்று வைத்துக்கொள்வோம். கன்சோல் கேபிளில் உட்கார்ந்து பார்ப்பதே நிம்மதி.

சுவிட்சிலிருந்து கேட்வேக்கு பிங் போடுங்கள். ஒரு புள்ளி (பதில் இல்லை), பிறகு நான்கு ஆச்சரியக்குறி (பதில் வந்தது) வந்தால் கவலை வேண்டாம். ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) விசாரிக்கும் ஏஆர்பிக்குப் பதில் வருவதற்குள் முதல் பாக்கெட் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்தும் புள்ளியா? ‘ஷோ ஐபி ஏஆர்பி’ பாருங்கள். கேட்வேக்கு நேரே ‘இன்கம்ப்ளீட்’ என்றிருந்தால் கோளாறு பெரும்பாலும் லேயர் 2-இல், அதாவது போர்ட், வீலேன் மட்டத்தில். மேக் முகவரி இருந்தும் பிங் இல்லையென்றால், எதிரே ஃபயர்வால் இருந்து பிங்கைத் தடுக்கலாம். அல்லது அந்த மேக் கேட்வேயுடையதே இல்லை, யாரோ 192.168.10.1-ஐத் தங்கள் கருவிக்குப் போட்டுவிட்டார்கள். ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ அது எந்த போர்ட்டில் இருக்கிறதென்று காட்டிக்கொடுக்கும்.

லேயர் 2 என்றால் ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்’. வீலேன் 10-க்கு அப், அப் என்று இரண்டும் இருக்க வேண்டும். ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்’ என்றால் ‘நோ ஷட்டவுன்’. அப், டவுன் என்றால் வீலேன் 10 உருவாக்கப்படவே இல்லை, அல்லது அந்த வீலேனைச் சுமக்கும் போர்ட் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

அடுத்து, பல வீலேன்களை ஒரே கேபிளில் சுமக்கும் ட்ரங்க் இணைப்புகளுக்கு ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’. நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. புதிதாக வீலேன் 20-ஐச் சேர்க்க ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் வீலேன் 20’ என்று அடித்தால் அது சேர்க்காது. பழைய பட்டியலை அழித்துவிட்டு 20-ஐ மட்டும் வைக்கும். மேனேஜ்மென்ட் வீலேன் அந்த நொடியே போச்சு. ‘அலவுட் வீலேன் ஆட் 20’ என்பதே சரி. ட்ரங்கின் இரு முனையிலும் பாருங்கள்.

மாஸ்க்கையும் விட்டுவிடாதீர்கள். சுவிட்ச் முகவரி 192.168.10.200 என்றிருந்து 255.255.255.128 போட்டுவிட்டால், கேட்வே அதன் சப்நெட்டுக்கு வெளியே போய்விடும்.

கேட்வே வரை பிங் போய் அதைத் தாண்டவில்லையா? ‘ஷோ ஐபி ரூட்’ அடியுங்கள். ‘ஐபி டிஃபால்ட்-கேட்வே’ கட்டளை, ‘ஐபி ரூட்டிங்’ (சுவிட்சே ரவுட்டர் வேலையும் செய்வது) அணைந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். ரூட்டிங் ஓடினால் அந்த வரி கான்ஃபிகில் அழகாக உட்கார்ந்திருக்கும், சுவிட்ச் அதைத் திரும்பியும் பார்க்காது. ‘கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட் இஸ் நாட் செட்’ என்று வந்தால் இதுதான் சங்கதி. ‘ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 192.168.10.1’ போடுங்கள். ‘நோ ஐபி ரூட்டிங்’ போட்டுச் சரிசெய்யும் ஆசை வரும். அந்தச் சுவிட்ச்தான் வீலேன்களுக்கிடையே ரூட் செய்துகொண்டிருந்தால் மொத்த மாடியின் நெட்வொர்க்கும் விழும்.

கேட்டலிஸ்ட் 9300-இன் தனி மேனேஜ்மென்ட் போர்ட் ‘எம்ஜிஎம்டி-விஆர்எஃப்’ என்ற வேறொரு ரூட்டிங் டேபிளில் இருக்கிறது. அதற்கு ‘ஐபி ரூட் விஆர்எஃப்’ என்று தனி ரூட் வேண்டும். பிங்கும் ‘பிங் விஆர்எஃப்’ என்றே போட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பதில் வரவில்லையென்றால், அந்தப் பக்க ரவுட்டருக்கு 192.168.10.0-க்குத் திரும்பும் வழி தெரிகிறதா என்று பாருங்கள். பிங் போய் எஸ்எஸ்ஹெச் மட்டும் மறுத்தால் விடிஒய் வரிகளில் (தூரத்திலிருந்து நுழைவதற்கான அமைப்புகள்) இருக்கும் ஆக்சஸ்-கிளாஸை, அதாவது யார் நுழையலாம் என்ற கட்டுப்பாட்டைப் பாருங்கள்.

தூரத்திலிருந்து மாற்றுவதானால் முதலில் ‘ரீலோட் இன் 10’ அடியுங்கள். சேமிக்கவா என்று கேட்டால் ‘நோ’. கை தவறி வெளியே தள்ளப்பட்டாலும் பத்து நிமிடம் கழித்து சுவிட்ச் ரீபூட் ஆகிப் பழைய கான்ஃபிகோடு எழுந்து வரும், அது எழும் வரை அந்தச் சுவிட்சிலிருப்பவர்களுக்குச் சில நிமிடம் லைன் போகும். எல்லாம் சரியாக வந்துவிட்டால் மறக்காமல் ‘ரீலோட் கேன்சல்’, அதன் பிறகே ‘ரைட் மெமரி’.