பிற்பகல் வகுப்பில் மட்டும் வராத விடைகள்
இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறையில், இயற்பியல் விரிவுரையின் நடுவே வினா ஒன்றைத் திரையிட்டு, மாணவர்களைக் கைப்பேசியில் விடையளிக்கவும், அருகிலிருப்பவருடன் விவாதித்து மீண்டும் விடையளிக்கவும் செய்கிறேன். காலையில் தடையின்றி நடந்த இது, பிற்பகலில் அதே அரங்கில் பாதிப் பேருக்கு இணைப்பே கிடைக்காமல் நாள்கணக்கில் முடங்கியது. உலாவியை மாற்றியும், வினாவிலிருந்த படங்களை நீக்கியும், கூடுதல் வைஃபை கருவி பொருத்தியும் பயனில்லை. வைஃபை குறி முழுமையாகத் தெரிந்த ஒரு மடிக்கணினியில், ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அக்கருவியை அடையாளம் காட்டும் எண், 169.254 என்று தொடங்கியதே துப்பாக அமைந்தது. வலையமைப்பிலிருந்து முகவரி கிடைக்காதபோது கருவி தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. அரங்கிற்கென இருந்த 254 முகவரிகளும், காலை வகுப்பினர் கலைந்த பின்னும், அவர்களுடைய கைப்பேசிகளின் பெயரில் 24 மணி நேரம் ஒதுக்கப்பட்டே இருந்தன. வலையமைப்புப் பொறுப்பாளர் அந்த ஒதுக்கீட்டை ஒரு மணி நேரமாகக் குறைத்து, முகவரிகளை 1,022ஆக உயர்த்தியதும், பிற்பகல் விடைகள் தடையின்றி வந்தன, பெரும் நிம்மதி.